மாசி உதிர்வும் வைகாசி மழையும்

(தெஹியோவிட்டவில் தோட்டக் குடும்பங்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பருவம் மாறும்போது நம் வாழ்க்கையை நம் இலக்கை நோக்கி எப்படி நடத்துவது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நகரத்தில் இந்தத் தலைப்பில் பேசினால் குடை, காய்ச்சல், உடற்பயிற்சி என்று பேச்சு முடிந்துவிடும். இறப்பர் மலையில் வேலை செய்கிறவர்களிடம் அப்படிப் பேச முடியாது. இங்கே மழை பெய்தால் பேர் இல்லை, அதாவது அன்றைய வேலைப் பதிவு இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. ஆகவே நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசப்போகிறேன். நம் வீட்டில் வருடத்தைத் திட்டமிடுவது யார்? மழையா, மரமா, தோட்டத்து ஆபீஸா, கடைக்காரரா, நாமா?

முதலில் நம்மிடம் இருக்கிற பஞ்சாங்கத்தைப் பார்ப்போம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல் பிறந்தது வடகீழ்ப் பருவமழையை நம்பி வாழும் நிலத்தில். ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும், அதற்கு முன் ஆடியில் விதை போட வேண்டும் என்பது அந்த மண்ணின் கணக்கு. தொல்காப்பிய மரபு வருடத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது. அதில் சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். தெஹியோவிட்டவில் வைகாசி பிறந்ததும் வெளியே நின்று பாருங்கள். இளவேனிலா அது? தென்மேல் பருவக்காற்று அடித்து, சீதாவக்கை ஆறு கலங்கி ஓடுகிற காலம் அது. இந்தப் பக்கத்தில் வருடத்துக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. தெரணியகலைக்கு மேலே மலிபொடப் பக்கம் போனால் 5,000 மில்லிமீற்றரை எட்டும். நம் முன்னோர் புறப்பட்டு வந்த திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களில் 1,000 மில்லிமீற்றர் பெய்தாலே நல்ல வருடம்.

சொல் அங்கிருந்து வந்தது. மழை இங்கே இருக்கிறது. பல தலைமுறை இங்கே வாழ்ந்த பிறகும், இந்த மழைக்குப் பொருந்துகிற வருடக் கணக்கை நாம் வீட்டில் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. தோட்டத்து ஆபீஸில் அந்தக் கணக்கு இருக்கிறது. எந்த மாதம் எத்தனை கிலோ வரும், எந்த மாதம் எத்தனை நாள் வெட்டு நிற்கும் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே மழையில் நனைகிற நம்மிடம் இல்லை.

ஒரு காலத்தில் நம்மவர்களிடம் அந்தக் கணக்கு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கோப்பிக் காலத்தில் இலங்கைக்கு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் நிரந்தரமாகத் தங்க வரவில்லை. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, காசு சேர்த்து, தை அறுவடைக்கு ஊர் திரும்பினார்கள். இரண்டு நாட்டுப் பருவத்தையும் தெரிந்துகொண்டு, இங்கே வேலை இருக்கும் மாதத்தையும் அங்கே வேலை இருக்கும் மாதத்தையும் பொருத்தி வாழ்ந்தார்கள். அந்தப் பயணம் கொடுமையானது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். வறுமையும் சாதிக் கொடுமையும் துரத்தித்தான் வந்தார்கள். அதையெல்லாம் மறைத்து அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த மாதம் வருவது, எந்த மாதம் திரும்புவது என்ற யோசனை அவர்களுடையதாக இருந்தது.

1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் கை வேண்டும். 1876இல் மதராஸ் மாகாணத்தில் மழை பொய்த்து, நாம் தாது வருடப் பஞ்சம் என்று சொல்கிற பெரும்பஞ்சம் தொடங்கியது. அதே 1876இல்தான் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹம் கொண்டுபோன விதையில் முளைத்த இறப்பர் கன்றுகள் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹாவுக்கு அருகே ஹேனரத்கொட தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. மழை பொய்த்த மண்ணின் மக்களும், மழையை விரும்புகிற மரமும் ஒரே காலத்தில் இந்தத் தீவை நோக்கி வந்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கு முழுக்க இறப்பர் பரவியபோது இந்த இரண்டும் இங்கே சந்தித்தன.

வந்தவர்கள் தங்கினார்கள். தங்கியதோடு கடனும் தங்கியது. கங்காணி கொடுத்த முற்பணத்தைத் துண்டில் எழுதி, அந்தத் துண்டைத் தீர்க்காமல் வேறு தோட்டம் போக முடியாது என்ற முறை இருந்தது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். முற்பணம் என்றால் என்ன? இன்னும் வராத பருவத்தின் உழைப்பை இன்றைக்கே செலவழிப்பது. அதனால்தான் இந்தப் பழைய கதையைச் சொன்னேன். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

இப்போது மரத்தின் வருடத்தைப் பார்ப்போம். பால் வெட்டுகிறவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அம்மா ஏன் இருட்டோடு எழுந்து மலைக்குப் போகிறார் தெரியுமா? விடிகிற நேரத்தில் மரப்பட்டைக்குள் பாலின் அழுத்தம் கூடுதலாக இருக்கும். வெயில் ஏறினால் இலை நீரை இழக்கும், அழுத்தம் குறையும், பால் சுருங்கும். ஒருவர் ஒரு நாளில் 250, 300 மரம் வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் ஒன்றரை மில்லிமீற்றர் அளவுப் பட்டைதான் போக வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், கொஞ்சம் மேலாகப் போனால் பால் வராது. அந்த அளவு அம்மாவின் கையில் இருக்கிறது. இது சாதாரணத் திறமை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பட்டை நனைந்திருந்தால் வெட்டக் கூடாது. பால் வெட்டுக் கோட்டை விட்டு வழிந்து மரமெங்கும் பரவிப் போகும், சிரட்டையில் விழுந்ததையும் மழை அடித்துக்கொண்டு போகும். ஈரப் பட்டையில் வெட்டினால் பூஞ்சணம் பிடித்துப் பட்டை அழுகும். மரத்தில் பொலித்தீன் கட்டி மழையைத் தடுக்கும் முறையை அகலவத்தையில் இருக்கிற இறப்பர் ஆராய்ச்சி நிறுவனம் பல வருடமாகச் சிபாரிசு செய்கிறது. கட்டிய மலையில் வெட்டு நாள் கூடும். கட்டாத மலையில் வைகாசி, ஆனி மாதங்களில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய், வானத்தைப் பார்த்து, திரும்பி வருகிற நாட்கள் கூடும். புல் வெட்டவும் கான் வெட்டவும் சில பேருக்கு வேலை கிடைக்கும். எல்லோருக்கும் கிடைக்காது.

மழைக்கு முன்னால் இன்னொரு மெலிவு இருக்கிறது. தை கடைசியிலும் மாசியிலும் இறப்பர் மரம் இலை உதிர்க்கும். மலை முழுக்கச் சிவந்து, பிறகு வெறும் கொம்பாக நிற்கும். சில வாரத்தில் புதுத் தளிர் வரும். அந்த நேரத்தில் மரம் தன் சத்தையெல்லாம் தளிருக்குக் கொடுக்கிறது, பால் குறைகிறது. அப்போது மரத்தை வதைக்காமல் வெட்டை நிறுத்துகிற தோட்டங்கள் உண்டு. வருடம் முழுவதும் ஓய்வில்லாமல் வெட்டினால் பட்டை வறண்டு, கத்தி பட்டும் பால் வராத மரமாகிவிடும்.

மாசியில் உதிர்வு, சித்திரையில் வருடப்பிறப்புச் செலவு, வைகாசியில் மழை. இந்த மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. பால் நன்றாக ஓடுகிற காலம் ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரைக்கும். அந்த மாதங்களில் குளிர்ச்சி இருக்கும், காலை மழை குறைவு, மரத்தில் இலை முற்றி நிற்கும். நம் வருடத்தின் உண்மையான அறுவடைக் காலம் அதுதான். "தை பிறந்தால் வழி பிறக்கும்" என்பது மட்டும் நமக்கு அங்கிருந்து வந்தும் இங்கே பொருந்துகிறது. வருடத்துக்கான தீர்மானத்தை எடுக்க வேண்டிய மாதம் மார்கழியும் தையும். மழைக்குள் போன பிறகு வீட்டில் உட்கார்ந்து யோசித்தால், யோசனை முழுக்க நாளைக்கு அரிசி எங்கே என்பதில் போய்விடும். அந்த நேரத்தில் மகளின் படிப்பைப் பற்றியோ வீட்டுக் கூரையைப் பற்றியோ நிதானமாக முடிவெடுக்க யாராலும் முடியாது.

தேயிலை மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. சபரகமுவவின் தாழ்நிலத் தேயிலையில் சித்திரை, வைகாசி மழையோடு கொழுந்து பொங்கும். தை, மாசி வெயிலில் காயும். இறப்பரும் தேயிலையும் உள்ள தோட்டத்தில், ஒரே குடும்பத்தில் ஒருவர் இங்கேயும் ஒருவர் அங்கேயும் வேலை செய்தால், ஒன்று மெலியும்போது மற்றது தாங்கும். அப்படி அமைவதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாமல், வேலைக்குப் பேர் கொடுக்கும்போதே யோசித்துச் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

கணக்கைப் போடுவோம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வந்தது. தொகை பிறகு மாறியிருக்கலாம். கணக்கின் போக்கு மாறாது. நல்ல மாதத்தில் ஒருவருக்கு 22 பேர் விழுந்தால் 29,700 ரூபாய். மெலிந்த மாதத்தில் 11 பேர் விழுந்தால் 14,850 ரூபாய். வருடத்தில் நான்கு மாதம் இப்படி மெலிந்தால் 59,400 ரூபாய் குறைகிறது. அரிசி விலை அந்த நான்கு மாதத்தில் குறைவதில்லை. பஸ் கட்டணமும் குறைவதில்லை. குறைந்த தொகையை எதை வைத்து நிரப்புகிறோம்? கடையில் கொப்பி எழுதுகிறோம். தோட்டை அடகு வைக்கிறோம். நுண்கடன் என்ற பெயரில் வாராவாரம் கட்டுகிற கடனை எடுக்கிறோம். அந்தக் கடனின் வட்டி நல்ல மாதத்துச் சம்பளத்தைத் தின்கிறது. ஆகவே மெலிந்த மாதம் நான்காக இருந்தும் அதன் பாரம் பன்னிரண்டு மாதத்துக்கும் நீள்கிறது.

நல்ல எட்டு மாதத்தில் மாதம் 3,000 ரூபாய் ஒதுக்கினால் 24,000 ரூபாய். 59,400இல் பாதிகூட இல்லை. இதை மறைத்துப் பேசினால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று ஆகும். சேமிப்பால் சம்பளக் குறைவை நிரப்ப முடியாது. நியாயமான சம்பளம், காணி உரிமை, மழைநாளுக்கும் வேலை என்ற கோரிக்கைகள் அப்படியே நிற்கின்றன. திட்டமிட்டு வாழுங்கள் என்று தொழிலாளியிடம் சொல்லிவிட்டு, சம்பளத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது அநியாயம். ஆனால் அந்த 24,000 ரூபாய்க்கு ஒரு வேலை உண்டு. வைகாசியில் எடுக்க வேண்டிய மிக மோசமான கடன் எதுவோ, அந்த ஒன்றை அது தடுக்கும். தோடு பெட்டியிலேயே இருக்கும். வாரக் கடன்காரர் நாம் குடியிருக்கும் லயத்து வாசலுக்கு வர மாட்டார். அந்த ஒரு கடன் இல்லாததால் ஆடியிலிருந்து வருகிற சம்பளம் முழுதாகக் கைக்கு வரும்.

இதை எனக்கு முன்னாலேயே நம் அக்காமார் கண்டுபிடித்திருக்கிறார்கள். லயத்தில் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் சேர்ந்து சீட்டுப் போடுகிறீர்கள் அல்லவா? ஏலம் இல்லாத சீட்டில் யாருக்கு எந்த மாதம் என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளலாம். தீபாவளி மாதத்துச் சீட்டுக்குத்தான் எல்லோரும் போட்டி போடுவோம். வைகாசிச் சீட்டை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குகிறவர் இருக்கிறார். சுற்றியிருப்பவர்களுக்கு அது விளங்காமல் இருக்கலாம். அந்த அக்கா பருவத்தைப் படித்தவர். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பொருளாதாரம் அவரிடம் இருக்கிறது.

இப்போது முற்பணத்துக்குத் திரும்பி வருகிறேன். தீபாவளிக்குத் தோட்டத்தில் முற்பணம் கொடுக்கிறார்கள். அதைத் தொடர்ந்து வரும் மாதங்களில் சம்பளத்திலிருந்து கழிக்கிறார்கள். 15,000 ரூபாய் எடுத்துப் பத்து மாதத்தில் கழித்தால் மாதம் 1,500. மார்கழிச் சம்பளத்தில் அது இருபதில் ஒரு பங்கு, பெரிதாகத் தெரியாது. வைகாசிச் சம்பளத்தில் அதே 1,500 பத்தில் ஒரு பங்கு. பால் ஓடுகிற காலத்தின் வாசலில் நின்று, மழைக்காலத்தின் காசை எடுத்துச் செலவு செய்கிறோம். பிள்ளைக்குத் தீபாவளிக்குப் புதுச்சட்டை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வருடத்தில் ஒரு நாள் அந்தப் பிள்ளை புதுத்துணி உடுத்திச் சந்தோஷமாகக் கோயிலுக்குப் போக வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான். கொடுக்கிற தொகை முழுவதையும் எடுப்பதா, தேவையானதை மட்டும் எடுப்பதா, எடுத்ததில் எவ்வளவு பண்டிகைக்கு, எவ்வளவு கூரைத் தகரத்துக்கு என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டில் பேசுங்கள். பேசும்போது பால் வெட்டி அந்தக் காசைத் திருப்பிக் கட்டப்போகிற பெண் அந்தப் பேச்சில் இருக்கட்டும். பல வீட்டில் உழைப்பது அம்மா, கையெழுத்தும் அம்மா, முடிவு மட்டும் வேறொருவர். குடும்பத்தின் இலக்கு என்று நாம் சொல்வது யாருடைய இலக்கு என்பதை ஆண்கள் இந்த இடத்தில் யோசிக்க வேண்டும்.

இலக்கு என்றால் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பெயர் இருக்க வேண்டும், தேதி இருக்க வேண்டும். "நல்லா வரணும்" என்பது ஆசை. "அடுத்த ஆவணிக்குள் மகளுக்கு விஞ்ஞானப் பாடத்துக்கு அவிசாவளையில் வகுப்பு" என்பது இலக்கு. அப்படி எழுதிவிட்டால், மார்கழியில் கைக்காசு வரும்போது அது எங்கே போக வேண்டும் என்று காசுக்கே தெரியும். எழுதாத வீட்டில் அது கைக்கு வந்த அதே கிழமையில் கரைந்துவிடும். சாராயக் கடைக்கும் நம் நல்ல மாதங்கள் எவை என்று தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

எவ்வளவு திட்டமிட்டாலும் பருவமே தலைகீழாக மாறும் வருடம் ஒன்று வரும். நம் பகுதியின் சரித்திரத்திலேயே அதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. ஓயாமல் ஓடுகிற களனி ஆறும் மகா ஓயாவும் வற்றி, மணலுக்கிடையே குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தத் தெளிந்த குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகியது. அந்த வருடக் கடைசியில் தொடங்கி 1935இன் முதல் மாதங்கள் வரை நாடு முழுவதும் ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தார்கள். கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் அடி மிகப் பலமாக விழுந்தது. எப்போதும் வறண்டு கிடக்கும் அனுராதபுரப் பக்கத்தில் மலேரியா பழகிய நோய். மக்கள் உடம்பில் ஓரளவு எதிர்ப்பு இருந்தது. ஈரத்தில் பிறந்து ஈரத்தில் வாழ்ந்த நம் பகுதி மக்களுக்கு அது இல்லை. மழைக்கு அஞ்சிய ஊரை வறட்சி வந்து வீழ்த்தியது.

அந்த நேரத்தில் சூரியமல் என்ற இயக்கத்து இளைஞர்கள் இந்தக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் சுமந்துகொண்டு வந்தார்கள். என். எம். பெரேராவும் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவர்களில் இருந்தார்கள். 1935இல் அவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். 1936இல் ருவன்வெல்லைத் தொகுதி என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பியது. ஒரு மோசமான பருவத்தில் எங்கே போய் நிற்பது என்று அந்த இளைஞர்கள் தெரிந்தெடுத்தார்கள். அவர்கள் வாழ்க்கையின் திசையும், இந்தத் தொகுதியின் அரசியலும் அதனால் மாறின.

இன்று மரத்தின் வருடமும் குழம்புகிறது. 2019 முதல் பெஸ்டலோஷியோப்சிஸ் என்ற பூஞ்சணத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் புது இலைநோய் நம் நாட்டு இறப்பரைப் பிடித்திருக்கிறது. இலையில் வட்ட வட்டமாகப் புள்ளி விழுந்து, மாசிக்குக் காத்திராமல் வேறு மாதத்திலும் இலை கொட்டுகிறது. மாசியில் மட்டும் உதிரும் என்று கணக்கு வைத்தவருக்கு இது இரண்டாவது உதிர்வு. ஆகவே போடுகிற திட்டத்தில் இறுக்கம் வேண்டாம். மெலிந்த மாதம் நான்கு என்று வைத்தால், ஐந்தாவது ஒன்றும் வரலாம் என்று இடம் விட்டு எழுதுங்கள். இலக்குத் தேதி தள்ளிப் போனால் தோற்றுவிட்டோம் என்று அதைக் கிழித்துப் போட வேண்டாம். தேதியை மாற்றி எழுதுங்கள், பெயரை அப்படியே வைத்திருங்கள்.

இனிப் பிள்ளைகளுக்கு வருகிறேன். உயர்தரப் பரீட்சை முன்பெல்லாம் ஓகஸ்ட் மாதத்தில் நடந்தது. நமக்கு மழை ஓய்கிற காலம் அது. கொரோனாவுக்குப் பிறகு பரீட்சை மாதங்கள் இடம் மாறின. 2024இல் நவம்பரில் வைத்தார்கள். கடும் மழையால் இடையில் நிறுத்தி டிசம்பரில் தொடர்ந்தார்கள். 2025 நவம்பரிலும் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது டித்வா புயல் வந்தது. மண்சரிவும் வெள்ளமும் நாட்டையே உலுக்கின, மீதிப் பாடங்கள் தள்ளிப் போயின. இரண்டு வருடமும் வானம் பரீட்சைக்குள் நுழைந்தது. கொழும்பில் மாடிவீட்டில் இருக்கிற பிள்ளைக்கு இது தேதி மாற்றம். மலையுச்சி லயத்திலிருந்து இறங்கி, ஓடை தாண்டி, பஸ் பிடித்துப் பரீட்சை மண்டபத்துக்குப் போகிற பிள்ளைக்கு இது வேறு விஷயம். மின்சாரம் போகும், பாதை அடைபடும், வீட்டில் பத்து நாள் வேலையில்லாமல் எல்லோர் முகமும் வாடியிருக்கும்.

உங்கள் வீட்டில் அடுத்ததாக உயர்தரம் எழுதப்போகிற பிள்ளை இருந்தால், பரீட்சைக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே ஒரு முடிவு எடுங்கள். பரீட்சை மண்டபத்துக்கு நடந்து போகிற தூரத்தில் பெரியம்மா வீடோ மாமா வீடோ இருக்கிறதா? பரீட்சை முடியும்வரை பிள்ளை அங்கே இருக்கட்டும். சாப்பாட்டுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்து அனுப்புங்கள். உறவு என்பது கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூடுவதோடு முடிய வேண்டியதில்லை. படிக்க இடம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

வேலைக்குப் போகிற இளைஞர்களிடமும் ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் வீட்டில் வருமானம் நின்றதும் "ரெண்டு மாசத்துக்குத்தானே" என்று கொழும்புக் கடைக்கோ அவிசாவளை சீதாவக்கை ஏற்றுமதி வலயத்துக்கோ போகிறீர்கள். போவது தவறில்லை. அந்த உழைப்பில் எத்தனையோ வீடு நிமிர்ந்திருக்கிறது. ஆனால் மழையில் ஒதுங்கப் போன இடத்தில், எதற்கு வந்தோம் என்பதே மறந்து, வருடக்கணக்கில் நின்றுவிடுகிற தம்பிமாரையும் நாம் பார்க்கிறோம். சாதாரண தரத்தில் கணிதம் மட்டும் மிச்சம் இருந்திருக்கும். திரும்ப எழுதவே மாட்டார்கள். போகும்போது ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். எதற்காகப் போகிறேன், எந்த மாதம் வரைக்கும் போகிறேன், அதற்குப் பிறகு என்ன படிக்கப்போகிறேன். தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்சார வேலை, குழாய் வேலை, குளிர்சாதனப் பெட்டி திருத்தும் வேலைக்கெல்லாம் தேசியத் தொழில் தகைமைச் (என்.வி.கியூ) சான்றிதழோடு பயிற்சி இருக்கிறது. விண்ணப்பம் கோரும் தேதி நீங்கள் கொழும்பில் இருக்கும்போது வந்து போய்விடும். வீட்டில் தாள் இருந்தால் தங்கச்சியாவது கூப்பிட்டுச் சொல்வாள்.

தங்கச்சிமார் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறேன். அவர்களையும் யாராவது இந்த மூன்று கேள்வியும் கேட்க வேண்டும். பல வீட்டில் மகனிடம் மட்டுமே கேட்கிறோம். மகளுக்கு இலக்கு கல்யாணம் என்று நாமே எழுதி வைத்துவிடுகிறோம்.

ஒரு மலையில் பழைய மரத்தை வெட்டி மறுநடுகை செய்தால் பால் வெட்ட ஆறு ஏழு வருடம் ஆகும். கன்று நட்டவர் அந்த ஆறு வருடத்தையும் முன்கூட்டியே கணக்கில் எழுதித்தான் நடுகிறார். ஏழாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை உயர்தரம் முடிப்பதற்கும் ஏறத்தாழ அதே காலம்தான். தோட்டம் தன் மரத்துக்காக அவ்வளவு தூரம் முன்னால் பார்க்கும்போது, நாம் நம் பிள்ளைக்காக அடுத்த சம்பள நாள் வரைக்கும் மட்டும் பார்ப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பிள்ளையின் பெயரில் ஆறு வருடத்துக்கான ஒரு தாள் ஒவ்வொரு லயத்துக் காம்பராவிலும் இருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

கடைசியாக, மலைச்சரிவில் இருக்கிற வீடுகளைப் பற்றிப் பேசாமல் இறங்க மாட்டேன். 2016 மே 17ஆம் தேதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் நமக்குப் பக்கத்தில் புளத்கொஹுபிட்டியவில், களுபஹன தோட்டத்து லயத்தின் மேல் மண் விழுந்தது. இறந்தவர்கள் நம்மைப் போன்ற தோட்டக் குடும்பங்கள். வைகாசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. லயத்தை எங்கே கட்டுவது என்று தெரிந்தெடுத்தவர்கள் அந்தக் குடும்பங்கள் இல்லை. பாதுகாப்பான இடத்தில் காணியும் தனிவீடும் கேட்பது அதனால்தான் நம் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும். அது கிடைக்கும்வரை நம் கையில் இருக்கிற முடிவை நாம் எடுக்க வேண்டும்.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் கவனமாக இருக்கச் சொல்கிறது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகச் சொல்கிறது. 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்கிறது. நேரான பக்கமுள்ள ஒரு போத்தலின் மேற்பகுதியை வெட்டி, பக்கத்தில் அளவுகோல் ஒட்டி, திறந்த வெளியில் வைத்தால் இந்த மழையைப் பள்ளிக்கூடப் பிள்ளையே அளந்து சொல்லிவிடும். ஒரு லயத்துக்கு ஒன்று போதும். பொறுப்பை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

இந்த மாசியில், மழை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் உட்கார்ந்து இதை முடிவு செய்யுங்கள். 150 வரை காத்திராமல், 100 மில்லிமீற்றர் என்று பிள்ளை சொன்னதுமே எந்த வழியாக இறங்குவது, யார் பாட்டியைப் பிடித்துக்கொள்வது, யார் வீட்டுக்குப் போவது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈபிஎப் கடிதம், பிள்ளையின் பரீட்சைச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் போட்டு வாசல் பக்கத்து ஆணியில் மாட்டி வையுங்கள். போகப்போகிற வீட்டுக்காரரிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லப் போகிற வீடு சிங்களக் குடும்பத்தின் வீடாக இருந்தாலும் தயங்க வேண்டாம். வெள்ளத்திலும் மண்சரிவிலும் இந்தப் பள்ளத்தாக்கில் கதவு திறந்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறார்கள். பையில் அந்தப் பிள்ளையின் ஆறு வருடத் தாளுக்கும் இடம் வையுங்கள். கேட்க வேண்டியது ஏதும் இருந்தால் இப்போது கேளுங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.